உலகம் சொன்னால்தான் வெந்நீர்

தன் பெயரைத் தானே தேடுகிறவர் என்று மனிதர்களில் ஒரு வகை உண்டு. முன்பெல்லாம் இவர்கள் டீக்கடை பெஞ்சில் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்டர்நெட் வந்ததும் பிரவுசிங் சென்டருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். தன் கடையைப் பற்றி, தன் விடுதியைப் பற்றி, தான் காய்ச்சி விற்கும் தைலத்தைப் பற்றி எவராவது எங்காவது ஒரு வரி எழுதியிருக்கிறாரா என்று பார்க்காவிட்டால் இவர்களுக்குக் காலை இட்லி இறங்காது. இந்த இனத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமா? கொடைக்கானலுக்கு வாருங்கள். நாயுடுபுரத்தில் நாலு அறை கொண்ட ‘ஜெயம் காட்டேஜ்’ எங்கே என்று கேளுங்கள். முதலாளி ஜெயச்சந்திரன் அங்கே இருக்க மாட்டார். பிரவுசிங் சென்டரில் இருப்பார். அடியேன்தான் அவர்.

விடுதியை நான் விடுதி என்று சொல்வதில்லை. ‘பிராண்டு’ என்பேன். கோவையிலிருந்து வந்து தங்கிய விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர், “உங்க பிராண்டைப் பத்தி நெட்ல என்ன பேசுறாங்கன்னு வாட்ச் பண்ணுங்க சார்” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்று பிடித்தது சனி. குல்லாவை மாட்டி, மஃப்ளரைச் சுற்றி, பால்காரர் வருமுன்னே கடைவீதிப் பக்கம் ஏழு ரோட்டு முக்குக்கு இறங்கி, சென்டர்காரர் பிரதீப் ஷட்டரைத் தூக்கும்வரை பனியில் விறைத்து நின்று, மெஷினுக்கு உயிர் வந்ததும் சுற்றுலா வெப்சைட்டில் என் விடுதியின் பெயரைத் தட்டிவிட்டு, பக்கம் கொஞ்சங்கொஞ்சமாகத் திறப்பதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. விடுவேனா? நானே எழுதுவேன். மும்பை மல்ஹோத்ரா, கொல்கத்தா முகர்ஜி, லண்டன் மிஸ் மார்கரெட் எல்லோரும் என் விடுதியை வாயாரப் புகழ்ந்திருக்கிறார்கள். மூவருமே ‘தேங்க்கிங் யூ, யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி’ என்று முடித்திருப்பதுதான் ஒரு சின்னக் குறை.

மறுநாள் அதையே படித்துவிட்டு, “பாத்தியாப்பா, லண்டன்காரி என்ன சொல்றா!” என்று பிரதீப்பிடம் பூரித்துப்போவேன்.

“ஆமாண்ணே, நல்லா எழுதியிருக்காங்க” என்பார் பிரதீப். நாகரிகமான மனிதர்.

என் மனைவி தேவகுமாரி சொல்வது எதுவும் நெட்டில் வராது. ஆகவே அது செய்தி ஆகாது.

“ஏங்க, பாய்லரு பின்பக்கம் ஒழுகிக்கெடக்கு. ஒரு ரூமுல குளிச்சா அடுத்த ரூமுக்குப் பச்சத்தண்ணியாத்தான் வருது. சீசனுக்குள்ள ஆள விட்டுப் பாருங்க” என்று தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்பேன். கொடைக்கானலில் வெந்நீர் வராத விடுதிக்கு யார் வருவார்? ஏப்ரல், மே சம்பாத்தியத்தில்தான் மிச்ச வருஷம் எங்கள் அடுப்பு எரிகிறது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எனக்கு உலகச் சோலி இருந்தது.

மார்ச் மாதம் ஒரு நாள், ஆங்கிலத்தில் அது வந்திருந்தது. “அறை சுத்தம். சாப்பாடு ருசி. வெந்நீர் மட்டும் கிடையாது. பாய்லர் பின்பக்கம் ஒழுகுகிறது. முதலாளியைக் கண்ணால் காண முடியவில்லை.” எழுதியவர் பெயர் இல்லை.

உலகம் பூராவும் பார்க்குமே! எதிர்வரிசை விடுதிக்காரர் குருநாதனின் வேலையாக இருக்கும் என்று முடிவுகட்டி, அவர் வணக்கம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பண்ணைக்காட்டிலிருந்து பிளம்பர் பொன்னுவேலை ஜீப் வைத்து வரவழைத்தேன். பொழுது சாய்வதற்குள் நாலு அறையிலும் ஆவி பறந்தது. அடித்துப்பிடித்து ஓடி, ‘உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று உலகத்துக்குப் பதிலும் போட்டேன். தேவகுமாரி குழாயைத் திறந்து கையை நனைத்துப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. “வெந்நீர் இப்போது அருமை. சமையலறைத் தகரம் ஒழுகுகிறது. சமைக்கிறவர் தலையில் சொட்டுகிறது.”

எந்த விருந்தாளி என் சமையலறைக்குள் நுழைந்தான்? பிரதீப்பைப் பிடித்துக்கொண்டேன். “யாருப்பா இவன்? உன் மெஷின் சொல்லாதா?”

பிரதீப் என் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைத் துடைத்தார். “கோவிச்சுக்கிறாதீங்கண்ணே. ஞாயித்துக்கிழம சந்தைக்கு வந்தா மதினி இங்கிட்டும் எட்டிப் பாப்பாங்க. அவுங்க சொல்லச் சொல்ல இங்கிலீஷ்ல அடிச்சது நாந்தான்.”

வீட்டுக்கு வந்தேன். கோடை மழை பிடித்திருந்தது. ஒழுகுகிற இடத்தில் அவள் சட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் இப்பிடி ஊரறியச் செஞ்ச? எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?”

“தீவாளியில இருந்து உங்ககிட்டத்தான சொன்னேன்? காதுல ஏறல. அதுல சொன்னேன், அன்னைக்கே வெரசா ஆளு வந்துருச்சு.” சட்டியைக் கொஞ்சம் நகர்த்தினாள். “எனக்கு ஒடம்புக்கு முடியலன்னாலும் இனிமே அதுலதான் போடணும் போலருக்குங்க.”

வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை. மறுநாளே தகரத்தை மாற்றினேன். மாற்றிய கையோடு கால் தானாக ஏழு ரோட்டுக்கு இறங்கியது, அதற்கு ஏதாவது பாராட்டு வந்திருக்கிறதா என்று பார்க்க. வரவில்லை.

சிரிக்கிறீர்கள். ‘எனக்கு விடுதியும் கிடையாது, பிராண்டும் கிடையாது’ என்கிறீர்கள். இருக்கட்டும். நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து உங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததே, நீங்களும் இரண்டு முறை ‘ம்’ கொட்டினீர்களே, என்ன சொன்னார்கள்?