பந்து போடுவதற்கு முன் ஒரு கேள்வி

அரியலூர்,
11.2.2004

மீன்சுருட்டியில் இருக்கும் மச்சான் அய்யம்பெருமாள் அவர்களுக்குக் கருப்பண்ணன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அக்கா காத்தாயியும் சுகம். இதுவரை வந்த கடிதங்களைப் போஸ்ட்மேன் எழுதினார், அதில் பாதி அவராகச் சேர்த்தது. இது முழுக்க நான். அறிவொளி வகுப்பில் கற்றது. எழுத எழுதச் சந்தோஷமாக இருப்பதால் கொஞ்சம் நீளும்.

எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் உங்கள் மகள் அபிநயாவைச் சனிக்கிழமை வந்து கூட்டிப் போவதாகச் சொல்லி அனுப்பினீர்கள். அரியர் வைத்தவளுக்கு டென்னிசும் வேண்டாம், காலேஜும் வேண்டாம் என்றீர்களாம். வரவேண்டாம் மச்சான். நடந்ததைக் கேளுங்கள்.

டென்னிஸ் கற்றுக்கொடுத்த வேணுகோபால் சார் சம்பளம் வருகிற இடமாகப் பார்த்துப் போய்விட்டார், நான் காலேஜ் மைதானத்தில் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன், சார் இல்லாவிட்டாலும் கோடு போட்டேன், பிறகு கெமிஸ்ட்ரி கிருஷ்ணம்மாள் மேடத்துக்கு வகுப்பு குறைவு என்று டென்னிசையும் அவரிடமே கொடுத்தார்கள், பந்து வாங்க வைத்திருந்த பணத்தில் லேபுக்குக் கண்ணாடிக் குழாய் வாங்கிவிட்டார்கள், இரண்டுக்கும் பொறுப்பு மேடமே என்பதால் அவரால் யாரிடமும் சண்டை போட முடியவில்லை, பழைய பந்துகளை நான் சோப்புப் போட்டு அலசினேன், அவை எலுமிச்சம்பழம் போல வழுவழுப்பாகிவிட்டன. மேடம் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் பிள்ளைகள் பெயிலானால் பிரின்சிபால் அவரைத்தான் கேட்பார். அதனால் ஒரு சட்டம் போட்டார். பந்து போடுவதற்கு முன் ஒரு கெமிஸ்ட்ரி கேள்வி. பதில் தப்பினால் பாயிண்டு எதிர்ப்பக்கத்துக்கு.

அந்தப் பழக்கம் திருச்சி போட்டியிலும் விடவில்லை. அபிநயா ஜெயிக்க இரண்டே பாயிண்டு. பந்தைக் கையில் எடுத்து, தானே கேள்வியும் பதிலுமாக, "சலவைச் சோடா, என்.ஏ.ஹெச்.சி.ஓ. த்ரீ" என்றாள். எதிரே நின்ற பெண், "அது சமையல் சோடாங்க" என்றாள். அபிநயா கொஞ்சம் யோசித்து, "ஆமாங்க, தப்புதான்" என்று பந்தை அந்தப் பக்கம் உருட்டிவிட்டாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் நடுவர்.

"பாயிண்டு அவங்களுக்கு சார்."

"எதுக்கு?"

"சலவைச் சோடாவுக்கு."

அதற்குப் பிறகு ஆட்டம் கை நழுவித் தோற்றோம். மேடம் கோபப்படவில்லை. "இனிமே சலவைச் சோடா மறக்காது" என்றார்.

நேற்று பரீட்சை முடிவு வந்தது. கெமிஸ்ட்ரியில் எண்பத்தொன்று. ஆகவே மச்சான், டென்னிஸ் அவள் படிப்பைக் கெடுக்கவில்லை, படிப்புதான் டென்னிசைக் கெடுத்திருக்கிறது. பிள்ளை இங்கேயே இருக்கட்டும்.

வீட்டில் எல்லோரையும், சினை மாட்டையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் உளுந்து பூச்சி விழாமல் காய்க்கட்டும்.

இப்படிக்கு,
கருப்பண்ணன் (கையெழுத்து என்னுடையது)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அபிநயாவிடம் படிக்கக் கொடுத்தேன். "நல்லாருக்கு மாமா. ஆனா எனக்குக் கெமிஸ்ட்ரியில அரியரே கெடையாது. இங்கிலீசுலதான். இந்த வாட்டியும் போச்சு" என்றாள். "ஏன் புள்ள மேடத்துக்கிட்ட சொல்லல?" என்றேன். "அவங்க கெமிஸ்ட்ரிதானே கேட்டாங்க" என்றாள். மேடத்திடம் போய்ச் சொன்னேன். திங்கட்கிழமை முதல் மைதானத்துக்கு இங்கிலீஷ் சார் வருகிறார். அவர் கட்டுரைதான் கேட்பாராம், ஒரு பந்து போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். டென்னிசை நிறுத்தச் சொன்னீர்கள், அநேகமாக நின்றுவிட்டது. சனிக்கிழமை வரவேண்டாம்.