அண்ணன் கடைத் தராசும் என் வீட்டுக்காரர் அப்பீலும்

அன்பும் பெருமையும் மிக்க அண்ணன் அவர்களுக்கு, தங்கை பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் மாப்பிள்ளை சிறைச்சாலையில் சுகம். தாங்களும் அண்ணியும் மளிகைக் கடையும் சுகமாயிருக்க வேண்டும். தீர்ப்பு வந்த நாளிலிருந்து நமக்குள் பேச்சில்லாததால், எதிர்வாசலுக்குத் தபால் எழுத வேண்டியதாயிற்று.

நிற்க. திங்கட்கிழமை அப்பீல் விசாரணை. அவர் செய்தது தப்புதான், இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. மெத்தை தைக்கிற மனுஷன் தைத்தோமா வந்தோமா என்று இல்லாமல், கூட்டாளி கொடுத்த கஞ்சாவை வாங்கித் தலையணைக்குள் வைத்துத் தைத்தார். அதையாவது ஒழுங்காகத் தைத்தாரா? போலீஸ் நாய் மோந்து பார்த்துவிட்டு அந்தத் தலையணை மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது. சரி, பிடிச்சாச்சு, எடை போடணும். போலீஸ்காரங்க கொண்டுவந்த தராசுல பேட்டரி தீர்ந்துபோச்சு. எதிர்த்தாப்ல இருக்கிற கடைல கேட்டாங்க. நீங்களும் தராசைத் துடைச்சுத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தீங்க. ஒரு கிலோவுக்கு மேல நாற்பது கிராம்! கிலோவுக்குள்ள இருந்தா சில மாசத்தோட போயிருக்கும். தாண்டினதால ஏழு வருஷம்.

அப்பவாவது சும்மா இருந்தீங்களா அண்ணே? நம்ம வக்கீலம்மா "தராசு சரியா இருக்குமா"ன்னு கேட்டதுக்கு, "ஒரு கிராம் தப்புன்னா மீசையை எடுத்துடறேன்"னு கூண்டுல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீங்க. அவர் உள்ள போனார். நீங்க கடை வாசல்ல 'நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தராசு'ன்னு போர்டு மாட்டினீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. சிரிப்பும் வந்து தொலைச்சுது, என்ன பண்றது.

உங்க தராசு கிலோவுக்கு நூறு கிராம் விழுங்கும்னு தெருவுக்கே தெரியும். கூடப் பிறந்தவளுக்கும் அப்படித்தானே பருப்பு போட்டீங்க? என்னைக்காவது ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? இப்ப கேட்கிறேன். திங்கட்கிழமை வந்து, "ஆமாங்கய்யா, என் தராசு திருட்டுத் தராசு"ன்னு சொல்லிடுங்க. இதுவரைக்கும் உள்ள இருந்ததே போதும்னு அவரை விட்டுடுவாங்களாம், வக்கீலம்மா சொல்றாங்க. சின்னவகிட்ட அவர் போட்டோவைக் காட்டினா "யாரு இது"ங்கறா. தாங்க முடியலை அண்ணே. மீசை ஒரு மாசத்துல வளர்ந்துடும்.

அண்ணியை மிகவும் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் மாமாவுக்கு வணக்கம் சொல்கிறார்கள். கடையும் மீசையும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்களை மட்டுமே மலைபோல் நம்பியிருக்கும் தங்கை.

பி.கு.: உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம், வர வேண்டாம். தபாலை ஒட்டுறதுக்குள்ள வக்கீலம்மா வந்து, "வேற யாராவது சாட்சி சொல்வாங்களா"ன்னு கேட்டாங்க. வாசல்ல நின்னு ஒரு குரல்தான் குடுத்தேன். இப்ப வீட்ல நிக்க இடமில்லை, ஆளாளுக்கு உங்க கடைப் பொட்டலத்தைப் பிரிக்காமக் கொண்டு வந்திருக்காங்க. இத்தனை நாளா யாரும் கேட்கலையே, அதான் சொல்லலைங்கறாங்க. திங்கட்கிழமைக்கு வேன் பிடிச்சாச்சு. முன் சீட்டு அண்ணிக்கு வேணுமாம்.