கம்பி கிராணியின் பெரட்டு நாடகம்

பார்க்க வந்தவர்களையே கைதிகளாக்கி, குந்த வைத்து, மிரட்டி நாடகம் நடத்திய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். மலேசியாவில் கெர்லிங் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். வேலைநிறுத்தத்தில் எங்களோடு வேலை செய்த மாரிமுத்துவைப் போலீஸ் அடித்தே கொன்றதைக் கதையாக எழுதினார். அதற்காக வழக்கே இல்லாமல் இரண்டு வருஷம் சிறையில் வைத்தார்கள். கம்பி எண்ணிவிட்டுத் திரும்பி வந்தவருக்கு நாங்கள் கொடுத்த பட்டம், கம்பி கிராணி.

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலியாகக் கிடந்த பழைய லயத்து வீடுகளில் நாடகம். மேடை இல்லை, நாற்காலி இல்லை. வாசலிலேயே எல்லாருடைய அடையாள அட்டையையும், அந்த ஐசியை, பிடுங்கிக்கொண்டார்.

"குந்துங்கோ! ஒருத்தரும் கதைக்கக் கூடாது!"

"முட்டி வலிக்குது லா, கிராணி," என்றார் எங்களை மேய்க்கும் மேஸ்திரி, காளியப்ப மண்டோர்.

"எனக்கும் வலிச்சதுதான். அவங்கள் விட்டவங்களோ?"

முதல் அறை அவர் இருந்த சிறை. ஜன்னலில் சாக்கு தொங்கியது, மூச்சு முட்டியது. அடுத்த அறையில் விசாரணை. மாரிமுத்துவை அடித்ததைப் பார்த்தாயா? 'பார்க்கவில்லை' என்றால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். மாரிமுத்து சாவைப் பற்றி அன்று நடந்த நிஜ விசாரணையிலும் அதேதான். தோட்டமே ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தது. நானும் குடித்தேன். நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

நாடகத்திலும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றோம். முனியம்மா இரண்டாம் தடவையும் வரிசையில் நின்று, "நான் ஒன்னுமே பாக்கல கிராணி," என்றாள். மனிதர் பல்லைக் கடித்தார்.

கடைசியில் வெளியே பெரட்டு. காலையில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடுவார்களே, அது. பழைய பேர்ப் புத்தகத்தைத் திறந்து வரிசையாகக் கூப்பிட்டவர், "மாரிமுத்து!" என்றார். யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்த மௌனத்தோடு நாடகம் முடியும் என்பது அவர் திட்டம்.

எங்கள் வழக்கம் வேறு. வரத் தாமதமானவனுக்கு அன்றைய பேரும் கூலியும் போய்விடக் கூடாதென்று பக்கத்து நிரைக்காரன், அதாவது அடுத்த மர வரிசையில் வேலை செய்பவன், குரல் கொடுத்துவிடுவான். மண்டோர் ஆவதற்கு முன், அந்தக் காலத்தில் மாரிமுத்துவுக்குப் பக்கத்து நிரையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டியவர் அவர். பழக்கதோஷத்தில் கத்திவிட்டார்.

"இருக்கான் கிராணி!"

கிராணிக்கு வந்ததே கோபம்! "எங்கை இருக்கிறான்? காட்டும் பாப்பம்!"

மண்டோர் முழித்தார். பிறகு கையை நீட்டிக் காட்டினார்.

"பால் ஸ்டோருக்குப் பின்னாடி... நாலு பேரு மிதிச்சாங்க. நான் பாத்தேன் கிராணி. பாத்தேன்."

"நானும்தான்," என்றாள் முனியம்மா, பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு. நானும் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து, நிஜத்தில் சொல்லத் துப்பில்லாமல், நாடகத்தில்.

கிராணி புத்தகத்தை மூடினார். "என்ரை நாடகத்தைக் குழப்பிப் போட்டியளே, மடையங்கள்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினார்.

எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நான் நின்றது அவர் முன்னால் மட்டும்தான்.