தாய்மாமன் சீரும் தொண்ணூற்றைந்து டிகிரி காய்ச்சலும்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மைத்துனர் மதியழகன் அவர்களுக்கு,

ஆம்பூரிலிருந்து மாமா புகழேந்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா பாரதியும் மகள் தமிழினியும் நலம். பெங்களூரில் உங்கள் வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம். இந்த வீட்டில் நலமில்லாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் மருமகளுக்குத் தாய்மாமன் சீராக வாங்கிக் கொடுத்தீர்களே, அந்த லேப்டாப். அதற்குக் காய்ச்சல்.

இதை வாட்ஸ்அப்பில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். சொன்னேன். சொன்னபோதெல்லாம் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். கடிதத்துக்கு அப்படிக் கட்டைவிரல் காட்ட முடியாதல்லவா, அதனால்தான் தபாலில் வருகிறேன்.

சீரைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் தோல் பதனிடுகிற டேனரியில் ஃபினிஷிங் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவன் கண்ணுக்கு ஒரு சாமானைப் பார்த்ததும் அதன் கனம்தான் முதலில் தெரியும். பெட்டியைப் பிரித்த அன்றே தோல் கனம் பார்க்கிற கேஜை எடுத்து ஓரத்தில் வைத்து அளந்தேன். "அப்பா, அது தோல் இல்லப்பா" என்றாள் தமிழினி. "தோலா இருந்தா இவ்ளோ மெல்லிசா சீவினவனை அன்னிக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பியிருப்பேன்" என்றேன். அதுகூடப் போகட்டும், திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வரிவரியாக ஓட்டை, பின்னால் மடிக்கிற இடத்திலும் ஓட்டை. ஓட்டை விழுந்த தோலை நாங்கள் ரிஜெக்டில் தள்ளுவோம், இந்தக் கம்பெனிக்காரன் அதற்குப் பாலிஷ் போட்டு உங்கள் தலையில் கட்டிவிட்டான். என் தோஸ்த் ஜியாவுல்லா, லெதர் பை தைக்கிறவர், பார்த்ததுமே பதறிப்போனார். "இன்னா புகழு இது, தூசி பூரா உள்ள போய்டுமே!" என்றவர், அன்றைக்கே நல்ல மாட்டுத் தோலில் அதற்கு ஒரு சட்டை தைத்துக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் ஊரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, டிவி ரிமோட்டிலிருந்து ஃப்ரிட்ஜ் கைப்பிடி வரைக்கும் தோல் சட்டை இல்லாமல் எதுவும் வெளியில் தலைகாட்டாது. உள்ளே ஸ்பாஞ்சு லைனிங், சுற்றி ரெட்டைத் தையல். கீபோர்டும் ஸ்கிரீனும் மட்டும் தெரியும், மற்றபடி எறும்பு புக வழியில்லை. அப்படிப்பட்ட ராஜ உடுப்பைப் போட்டுக்கொண்டும் இது அழுகிறது என்றால் குணக்கேடு யாரிடம், நீங்களே சொல்லுங்கள்.

அழுகை என்றால் சாதாரண அழுகையா? தமிழினிக்கு வேலை என்ன, வீட்டில் உட்கார்ந்தபடியே பெங்களூர் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் ஷூ வரைவது. அந்த ஷூவை ஸ்கிரீனில் இப்படி அப்படித் திருப்பினால் போதும், உள்ளே இருக்கிற ஃபேன் ஊளையிட ஆரம்பித்துவிடும். போன வாரம் மீட்டிங்கில் மேனேஜர் அம்மா இங்கிலீஷில், "உங்க பக்கம் நல்ல மழை போலிருக்கே" என்று சந்தோஷமாகக் கேட்டிருக்கிறார். சமையலறையிலிருந்த உங்கள் அக்கா காதில் 'ரெயின்' என்பது மட்டும் விழ, "ஐயையோ மொளகா!" என்று மாடிக்கு ஓடி, காயப்போட்ட மிளகாயை எல்லாம் முந்தானையில் வாரிக் கட்டிக்கொண்டு வந்தாள். வெளியே பார்த்தால் காக்கை கூட நிழல் தேடுகிற வெயில். அன்று பூரா வீட்டில் தும்மல். மீட்டிங்கிலும் தும்மல். மறுநாள் அடுத்த வீட்டு அஜீஸுன்னிசா அம்மா ஒரு டின் கோதுமையோடு வந்து நிற்கிறார். "மாவு மிஷின் போட்டிருக்கீங்களாமே, சொல்லவே இல்ல? எனக்குக் கொஞ்சம் நைஸா அரைச்சுக் குடுங்க" என்கிறார். மிஷின் இல்லையென்று சொன்னால் நம்பவில்லை. "சத்தம் கேக்குதே!" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். பேஜாராகிவிட்டது மச்சான்.

சத்தம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சூட்டை என்னவென்று சொல்ல? சூட்டைக் காட்டுவதற்கென்றே ஸ்கிரீன் மூலையில் தமிழினி ஒரு நம்பர் வைத்திருக்கிறாள். தொண்ணூற்றைந்து என்று சிவப்பாக நிற்கிறது. வேலூரில் வெயில் நாற்பத்திரண்டைத் தாண்டினால் பேப்பரில் போடுகிறான், இது தொண்ணூற்றைந்தில் நம் வீட்டு மேஜையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, கேட்பார் இல்லை. இதனால் பயனடைந்தவர் உங்கள் அக்கா ஒருத்திதான். தைலக் குப்பியைக் கீபோர்டு ஓரத்தில் சாய்த்து வைத்து, பதமாகச் சூடானதும் எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொள்கிறாள். "பள்ளிகொண்டா ரங்கநாதரும்தான் வருஷம் பூரா படுத்துனு இருக்காரு, ஒரு சத்தம் உண்டா? இது படுத்துனே இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துது?" என்று திட்டிக்கொண்டேதான் தேய்க்கிறாள்.

நான் பார்க்காத வைத்தியம் இல்லை. டேபிள் ஃபேனை எதிரில் வைத்தேன், ரெண்டு ஃபேனும் போட்டி போட்டுக்கொண்டு கத்தின. தாம்பாளத்தில் ஜில்லென்று தண்ணீர் ஊற்றி, மேலே பலகை போட்டு அதன்மேல் வைத்தேன். தமிழினி அலறிய அலறலில் ஃபேன் சத்தமே கேட்கவில்லை. கடைசியில் வேலூருக்கு பஸ் ஏறி சர்வீஸ் கடைக்கே கொண்டுபோனேன். பஸ் கூட்டத்தில் தோல் சட்டை கீறிவிடுமே என்று அதைக் கழற்றிப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டுத்தான் போனேன். அங்கே போனதும் இந்த நீலி, மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போன மாப்பிள்ளை மாதிரி வாயே திறக்கவில்லை. கடைக்காரர் எதை எதையோ ஓட்டிப் பார்த்தார், மூச்! "ஒரு குறையும் இல்ல சார், பொன்னாட்டம் இருக்கு" என்று கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டி ஸ்விட்சைத் தட்டினேனோ இல்லையோ, ஊ...! இதற்கு நம் வீட்டு கரண்ட் ஒத்துக்கொள்ளவில்லையா, இல்லை என்னைத்தான் பிடிக்கவில்லையா, தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நாளை திங்கட்கிழமை மீட்டிங்கிலும் இதே சத்தம் இருந்தால், அடுத்த மாசத்திலிருந்து தமிழினி பெங்களூர் ஆபீசுக்கே வந்து உட்கார வேண்டுமாம். நமக்கு இருப்பது ஒரே பெண். அவள் அங்கே போய்விட்டால் இந்த வீட்டில் நானும் உங்கள் அக்காவும் எதைப் பேசுவது? பேச வேண்டியதை எல்லாம் எப்போதோ பேசி முடித்தாகிவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து அவள் அறையைவிட்டு வந்து, "அப்பா, டீ போடட்டா?" என்று கேட்கும்வரை நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் மச்சான். அசட்டுத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆகையால் இந்த மெல்லிசு நாகரிகமெல்லாம் நமக்கு வேண்டாம். நாளை ஒருநாளை எப்படியாவது சமாளிக்கிறேன், பழைய மாடலில் செங்கல் கனத்தில் ஒரு லேப்டாப் பார்த்து உடனே அனுப்பி வையுங்கள். ஜியாவுல்லா அதற்கும் சட்டை தைக்க அளவு கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் அக்கா உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். எல்லோரும் குளுகுளுவென்று நீடூழி வாழ்க.

அன்புள்ள மாமா,
புகழேந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் பிழை பார்க்கச் சொல்லித் தமிழினியிடம் கொடுத்தேன். மிளகாய் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தவள், டீ போடுகிற இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்து போய், கத்திக்கொண்டிருந்த லேப்டாப்பின் தோல் சட்டையைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாக அடங்கிவிட்டது. சூடு வெளியே போகத்தான் அந்த ஓட்டைகளாம்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"மொத நாள்லேர்ந்தேப்பா. பெங்களூர் மாமாவுக்கும் தெரியும்."

"சொல்றதுக்கு இன்னா?"

"சத்தம் நின்னுட்டா ஆபீசுக்குக் கூப்பிட மாட்டாங்களே."

"போணும்னா என்னைக் கேக்கறது."

"போன வருஷம் கேட்டேன். நீ பதிலே சொல்லாம செருப்பை மாட்டினு கடைக்குப் போய்ட்ட."

உண்மைதான், போய்விட்டேன். அப்பனிடம் இன்னொரு தடவை கேட்கப் பயந்துகொண்டு, ஒரு மிஷினைக் கத்த விட்டிருக்கிறாள் என் பெண். நீங்களும் கள்ளன்தான், அதை நேரில் பேசிக்கொள்வோம்.

செங்கல் லேப்டாப் எதுவும் அனுப்ப வேண்டாம். ஆபீசுக்குப் பக்கத்தில், நாலு பெண்கள் தங்குகிற மாதிரி நல்ல இடமாகப் பாருங்கள். நாளைய மீட்டிங்குக்கு அந்தச் சட்டையை நானே இழுத்து மாட்டி, ஜன்னலையும் சாத்தி வைத்துவிட்டேன். அப்படியும் சத்தம் பத்தவில்லை என்றால் பக்கத்து அறையில் நான் மிக்சியைப் போடுகிறேன்.