தம்பித்துரையரின் ஐரிஷ் பூட்டன்

பூட்டன் பிடிப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் கண்டிருப்பீர்கள்; காணாவிட்டாலும் கவலை இல்லை, அவர்கள் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கலியாண மண்டபத்தில், சோற்றுக் கோப்பையோடு ஒரு மூலை பார்த்து அப்பாடா என்று உட்கார்கிறீர்கள். பக்கத்துக் கதிரை இழுபடும். "தம்பி, உங்கட பூட்டன்ரை பேர் தெரியுமோ?" என்று ஒரு குரல் கேட்கும். தெரியாது என்று உண்மையைச் சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். பாயாசம் முடியும்வரைக்கும் அவருடைய பூட்டன்தான். மீன் பிடிப்பவர்களைப் போல இவர்களுக்கும் பொறுமை அதிகம். பிடித்ததன் நீளத்தை இரண்டு கையாலும் விரித்துக் காட்டும் பழக்கமும் உண்டு.

இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில், தொங்குரயில் ஓடும் சத்தம் கேட்கும் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் வசிக்கிறது. பெயர் தம்பித்துரை. எண்பத்தைந்தில் அகதியாக வந்தவர். குறடு செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதனுக்கு ஒன்றில் தோட்டம் வேண்டும், அல்லது மருந்து எடுக்க ஒரு வருத்தம் வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. போதாக்குறைக்கு, ஹம் நகரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஆதிரை, அப்பாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வழக்கமான சேட்டு வாங்காமல், எச்சிலைக் குழாயில் துப்பித் தபாலில் அனுப்பினால் வம்சத்தைச் சொல்லும் ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டாள். பாவம் பிள்ளை, பின்னால் வரப்போவது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆறு கிழமையில் பதில் வந்தது. தொண்ணூற்றெட்டு வீதம் நாம் எல்லோரும் எதிர்பார்க்கிற திசை. மிச்சம் இரண்டு வீதம் அயர்லாந்து. அந்தத் தொண்ணூற்றெட்டை அதற்குப் பிறகு தம்பித்துரையர் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஆய்வுகூடத்திலை ஆரும் வெள்ளைக்காரன் தும்மியிருப்பான்" என்றார் மனைவி கமலநாயகி, வெங்காயம் உரித்தபடி.

"உமக்கு உது விளங்காது" என்றார் தம்பித்துரையர். குரலில் ஏற்கெனவே ஒரு கடல் கடந்த கனம் வந்திருந்தது.

பிறகு கணினி. பிறகு கண்ணாடி மாற்றம். பிறகு, பிரிஸ்பேனில் நான்கு பூனைகளோடு வசிக்கும் ஒரு வயதான அம்மா, இணையத்தில் அவருக்குத் தூரத்துச் சொந்தமாகச் சிக்கினார். அந்த அம்மாவின் வம்ச மரத்தில் தொமஸ் கெரிகன் என்று ஓர் ஐரிஷ்காரன் இருந்தான். ஆடு திருடிப் பிடிபட்டவன். ஏழு வருடத் தண்டனை வாங்கி, விலங்கோடு கப்பலேறி, அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டவன். தண்டனை முடிந்ததும் குதிரை ஏற்றிப்போன ஒரு கப்பலில் வேலைக்குச் சேர்ந்து இலங்கைப் பக்கம் போனானாம். அதற்குப் பிறகு தகவல் இல்லை என்று எழுதியிருந்தது. தகவல் இல்லை என்ற அந்த வாசலால்தான் தம்பித்துரையர் குடும்ப சமேதராக உள்ளே நுழைந்தார்.

குதிரைக் கப்பலில் வந்தவன் கொழும்பில் நிற்பானா? நிற்கமாட்டான். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்குத்தான் வருவான். ஏன்? தம்பித்துரையரின் தாய்வழி ஊர்காவற்றுறை. வேறு என்ன ஆதாரம் வேண்டும் உங்களுக்கு?

பூட்டன் கிடைத்த நாளிலிருந்து மனிதர் மனிதராக இல்லை. உருளைக்கிழங்குப் பிரட்டலை இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டால் அது இரத்தம்; மார்கழிக் குளிரில் மூக்கு சிவந்தால் அது இரத்தம்; தொலைபேசிக் கம்பனிக்காரனோடு சண்டை பிடித்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்து, "நாங்கள் ஐரிஷ்காரர் கொஞ்சம் முன்கோபிகள்" என்று பெருமூச்சு விட்டால் அதுவும் இரத்தம். அதற்கு முந்திய முப்பது வருடமும் அந்தக் கோபத்துக்குக் காரணம் பசி என்றுதான் கமலநாயகி நம்பியிருந்தார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் படமும் ஏறியது. கெரிகன் போன கப்பலின் படம் கிடைக்கவில்லை. அதனால் அந்தக் காலத்துக் கப்பல் ஒன்று. அது திமிங்கிலம் பிடிக்கிற கப்பல் என்று ஆதிரை கண்டுபிடித்துச் சொன்னாள். கப்பல் கப்பல்தானே என்றுவிட்டார்.

ஆட்டுக்கு நடந்ததுதான் விசேஷம். முதல் மாதம் கெரிகன் திருடியது ஓர் ஆடு. இரண்டாம் மாதம் அது பசித்த பிள்ளைகளுக்காகத் திருடிய ஆடு. தைப்பொங்கலுக்கு வந்தவர்களிடம் சொன்னபோது அது ஈவிரக்கமில்லாத ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் ஆடு. சித்திரை வருடப்பிறப்புக்குள் ஆடே மறைந்துபோய், பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்துக்கு எதிரான ஒரு போராட்டம் மட்டும் மிஞ்சியது. "அந்தக் காலத்திலை நல்லவங்களைத்தான் மறியல்லை போட்டவங்கள்" என்று சொல்லி, சிறைப்பட்ட பூட்டனுக்காக ஒரு கணம் கண்ணை மூடுவார். கேட்டுக்கொண்டிருப்பவரும் மூடவேண்டியிருக்கும்.

இதே மனிதர் தொங்குரயில் நிலையத்தில் நாலு ஆப்கான் பெடியன்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றால், என் காதுக்குள் குனிந்து, "உவங்கள் எல்லாம் களவாய் எல்லை தாண்டி வந்தவங்கள்" என்பார். சொன்ன வாய் மூடுவதற்குள், கெரிகன் கப்பலின் அடித்தளத்தில் பட்ட பாட்டைத் தொடங்கிவிடுவார். கண்கூடக் கலங்கும். நான் பொய் சொல்லவில்லை, பார்த்திருக்கிறேன்.

இப்படி இருக்கையில்தான் ஆதிரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கோப்பி குடித்து, கோப்பையையும் கழுவிவைத்துவிட்டு, ஹம்மில் சுலக்ஷன் என்று ஒருவரை விரும்புவதாகவும், அவரையே கட்டப்போவதாகவும் சொன்னாள்.

"ஆர் ஆக்கள்?" என்றார் தம்பித்துரையர்.

அவ்வளவுதான். வேலை என்ன, குணம் என்ன, சிரிப்பானா, சமைப்பானா, ஒன்றும் இல்லை. ஆர் ஆக்கள்? நம்மவர்கள் இந்த இரண்டு சொல்லை விசாவோ பயணப்பெட்டியோ இல்லாமல் உலகம் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். சொந்தப் பூட்டனைத் தேடக் கண்ணாடி மாற்றிக்கொண்டு மாதக் கணக்காக ஆராய்ந்தவருக்கு, மற்றவன் குடும்பத்தை விசாரிக்க ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. ஹம் கோயில் தேர்த்திருவிழாவில் அன்னதானப் பொறுப்பில் இருக்கும் ஒருவருக்கு ஒரு தொலைபேசி. அவர் இன்னொருவருக்கு. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அறிக்கை வந்துவிட்டது. பெடியன் தங்கம். தாய் காலமாகிவிட்டார். தகப்பன் நவரத்தினம், முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் வேலை, அமைதியான ஆள். ஆனால் அந்தக் காலத்தில் மறியலில் இருந்தவர்.

தம்பித்துரையர் எழுந்து நின்றார்.

"எங்கட பரம்பரையிலை மறியலுக்குப் போன ஆள் ஒருத்தரும் இல்லை!" என்று முழங்கினார். எந்த இடத்தில் நின்று முழங்கினார் என்று நினைக்கிறீர்கள்? கப்பல் படத்துக்கு நேர் கீழே.

ஆதிரை நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். "அப்பா..."

"அது வேறை!"

"எப்பிடி வேறை?"

"அது இருநூறு வருசம், பிள்ளை. இது இப்ப. சனம் கதைக்கும்."

"கெரிகனைப் பற்றி ஊரெல்லாம் கதைக்கிறது நீங்கள்தானே அப்பா?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு இந்த இனம் பதில் சொல்லாது; சாப்பிடாமல் படுக்கப் போகும். போனார். ஆதிரையும் விடவில்லை. நீங்கள் மாட்டேன் என்றாலும் பதிவுத் திருமணத்துக்கு நகரசபையில் நாள் குறித்துத் தெர்மீன் எடுத்துவிடுவோம், ஆனால் அந்த மனிதரைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லுங்கள், தொலைபேசியில் ஊராரிடம் கேட்டு ஊராரிடமே பதில் சொல்லி அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஹம்முக்கு ரெயில் ஏறிப்போனாள். கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்தினாள். கமலநாயகி ஜன்னலுக்குப் போய், அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே பிள்ளை. இந்தக் கதவால் இனி வருவாளோ, மாட்டாளோ?

அடுத்த சனிக்கிழமை நவரத்தினம் வந்தார். இஸ்திரி போட்ட சேட்டு. கையில் மாம்பழப் பெட்டி ஒன்று. மகனைக் கூட்டிவரவில்லை. தன்னால் வந்த பேச்சைத் தானே கேட்டுக்கொண்டு போவோம் என்று வந்திருக்கிறார் போல. தம்பித்துரையர் அவரைக் கப்பல் படத்துக்கு எதிரே இருத்தினார். வழக்கம் விடுமா?

"நேரை கேக்கிறன், குறை நினையாதேங்கோ. மறியல்லை இருந்தனீங்களாம்?"

"ஓம் அண்ணை. எட்டு மாதம்."

"என்னத்துக்கு?"

"ஆக்களைக் கொண்டுவந்ததுக்கு. முதல் என்ரை தங்கச்சியைக் கொண்டுவந்தனான். பிறகு தெரிஞ்ச ஆக்கள் கேட்டவை, ஏலாது எண்டு சொல்ல மனம் வரேல்லை. செக் எல்லையாலை. பழைய நீலக் கார் ஒண்டு வைச்சிருந்தனான். தொண்ணூற்றொண்டு மாரியிலை பிடிச்சிட்டாங்கள்."

"சட்டவிரோதம்" என்றார் தம்பித்துரையர், நீதிபதியின் நிதானத்தோடு.

"ஓம். அது சட்டவிரோதம்தான்" என்றார் நவரத்தினம். ஏகாதிபத்தியம், பசித்த பிள்ளைகள், ஈவிரக்கமில்லாத பிரபு ஒன்றும் இல்லை. இப்படிச் சுவையில்லாமல் சொல்கிற ஆளை வைத்துக்கொண்டு ஒரு பூட்டன் பிடிப்பவர் என்ன செய்வது?

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த கமலநாயகி வாசற்படியில் நின்றார்.

"அண்ணை, அந்தக் காரிலை ஓட்டம் ஒத்துவராமல் ஒரு பெம்பிளைப் பிள்ளை சத்தி எடுத்ததோ?"

நவரத்தினம் திரும்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காரிலை இல்லை, தங்கச்சி. என்ரை கோட்டிலை. நியூர்ன்பெர்க் வரைக்கும் 'மன்னியுங்கோ அண்ணை, மன்னியுங்கோ அண்ணை' எண்டு சொல்லிக்கொண்டு வந்தது."

"அதுக்குப் பிறகு?"

"ஸ்ரேசனிலை ரிக்கற் எடுத்து, வுப்பர்டால் ரெயில்லை ஏத்திவிட்டனான். அங்கை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிப்பார் எண்டு சொன்னது. திரும்பிப் போகேக்கைதான் என்னைப் பிடிச்சவங்கள். எங்கை இறக்கினனீ, எங்கை அனுப்பினனீ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள்." அவர் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டார். "வுப்பர்டால் எண்ட பேரை மட்டும் நான் வாயிலை எடுக்கேல்லை."

வெளியே தொங்குரயில் ஒன்று போனது.

தம்பித்துரையருக்கு அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. ரெயில் நிலையத்தில், தன்னை நம்பி வந்திறங்கிய கமலநாயகியைக் கண்ட சந்தோஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டனீரோ?" என்பது. யார் கொண்டுவந்தது என்று கேட்கவில்லை. 'நவம் எண்டு ஒரு பெடியன்' என்று அவள் தானாகச் சொன்னபோது, சரி என்றிருக்கிறார். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேலாகியும் கேட்கவில்லை. கெரிகனின் கப்பல் பெயர் தெரியும். கப்டன் பெயர் தெரியும். அவனுக்குத் தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூடத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது மனிதரை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஐரிஷ் இரத்தம் இல்லாமலே மூக்கு சிவந்தது.

கமலநாயகி தட்டை மேசையில் வைத்தார். சத்தம் உயர்த்தவில்லை.

"இஞ்சாருங்கோ. உங்கட ஆள் ஆடு கொண்டுபோய் மறியலுக்குப் போனவர். இவர் என்னைக் கொண்டுவந்து மறியலுக்குப் போனவர். நான்தான் அந்த ஆடு. இப்ப சொல்லுங்கோ, ஆர் ஆக்கள்?"

தம்பித்துரையர் எழுந்தார். போய் நவரத்தினத்தின் கையைப் பிடித்தார். பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார். அன்றிரவே ஆதிரைக்குத் தொலைபேசி எடுத்தார். "தெர்மீன் எடுங்கோ பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, அழுகை வந்ததால் போனைக் கமலநாயகியிடம் கொடுத்துவிட்டார்.

கதை இங்கே முடிந்தால் நல்ல கதை. ஆனால் இனம் இனம்தானே! கலியாண வீட்டில், நான் சோற்றுக் கோப்பையோடு மூலையில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கதிரை இழுபட்டது. "எங்கட சம்பந்தி நவரத்தினத்தாரைத் தெரியுமோ? அந்தக் காலத்திலை உயிரைப் பணயம் வைச்சு நூற்றுக்கணக்கான சனத்தைக் காப்பாற்றினவர். நல்லவங்களைத்தானே மறியல்லை போடுறவங்கள்" என்றார் தம்பித்துரையர். நீலக் கார் அதற்குள் லொறியாகியிருந்தது. நவரத்தினம் தூரத்தில், காது கேளாதவர் போல, அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தார். இப்போது கப்பல் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய நீலக் காரின் படம் தொங்குகிறது. அதே கார் இல்லை. அதே நிறம். ஆப்கான் பெடியன்களைப் பற்றி அவருடைய கருத்தில் மாற்றம் இல்லை. இன்னும் இருநூறு வருடம் ஆகவேண்டுமோ என்னவோ.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவர் கோபிக்கமாட்டார். ஒன்று மட்டும் கேட்கிறேன், பதிலை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களோ உங்கள் பெற்றோரோ இந்த நாட்டுக்கு வந்த அந்த நாளில், வண்டியை ஓட்டியவனின் முழுப்பெயர் என்ன? தெரியாதா? சரி, விடுங்கள். போன கிழமை உங்கள் அக்கா மகளுக்கு ஒரு பெடியனின் படம் வந்ததே, அதைப் பார்த்துவிட்டு நீங்கள் வாயெடுத்துக் கேட்ட முதல் கேள்வி என்ன?

மறந்துபோயிருந்தால் பரவாயில்லை. குழாயில் துப்பி அனுப்புங்கள். ஆறு கிழமையில் பதில் வரும்.