நான் வரலை, நீங்க போய்ட்டு வாங்க

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை, எங்கள் வம்சமே அப்படித்தான். ஆனால் கோபத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. ஒருத்தன் கோபித்துக்கொண்டால் இன்னொருத்தர் வந்து கையைப் பிடித்துச் சமாதானம் பண்ண வேண்டும். அப்படிப் பண்ண ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளாமல் கோபப்படுகிறவன் அடிமுட்டாள். அந்த அடிமுட்டாள், தொண்ணூறுகளில் ஒருநாள், மாலத்தீவில், கடலில் மிதக்கிற ஒரு மரமேடையில், மாமியாரின் செருப்புக்குக் காவலாக முக்கால் மணி நேரம் நின்றான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

(யார் மேல் என்று கேட்காதீர்கள். லிஸ்டே வைத்திருக்கிறேன். வரிசையாக வரும்.)

நான் பொழிச்சலூர்க்காரன். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பின்பக்கம். பிறந்ததிலிருந்து விமானத்தின் அடிவயிற்றைப் பார்த்தே வளர்ந்தவன். விமானம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். திட்டு வாங்குவதும் அப்படித்தான். அப்பா "அறிவிருக்காடா" என்று ஆரம்பிப்பார். விமானம் வரும். விரலை நீட்டியபடியே காத்திருப்பார். அது போனதும் "உனக்கு?" என்று முடிப்பார். இப்படி இருபத்தெட்டு வருஷம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவனுக்கு என்ன ஆசை இருக்கும்? ஒரே ஒரு தடவை, ஜன்னலோரமாக உட்கார்ந்து, மேலேயிருந்து கீழே பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நான் என்ன ராஜ்யத்தையா கேட்டேன்?

கல்யாணமாகி எட்டாவது மாதம் அதற்கு வேளை வந்தது. என் மனைவி மாலதியின் அண்ணன் சேகர் மாலத்தீவில் ஒரு குட்டித் தீவில் கணக்கு வாத்தியார். இரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை, எங்கள் கல்யாணத்துக்குக்கூட லீவு கிடைக்கவில்லை. மாமியார் கீழ்க்கட்டளை வீட்டில் உட்கார்ந்து, "சுத்தி தண்ணி, நடுவுல எம்புள்ள, என்னத்தைத் தின்றானோ" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்ப, மச்சான் எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டார். ரயிலில் திருவனந்தபுரம், அங்கிருந்து விமானம். அந்த விமானத்தில் எனக்குக் கிடைத்தது நடைபாதை ஓர சீட். ஜன்னலோரத்தில் இருந்த கனவான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலை இழுத்து மூடிவிட்டுக் குறட்டை விட்டார். கடல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. (லிஸ்டில் முதல் ஆள்.)

ஆனால் மச்சான் ஒரு இனிப்புச் செய்தி வைத்திருந்தார். தண்ணீரிலிருந்தே கிளம்பி தண்ணீரிலேயே இறங்குகிற சின்ன விமானங்களை ஓட்டுகிற கம்பெனி ஒன்று அங்கே இருந்தது. அதன் மேனேஜர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மச்சான்தான் டியூஷன். பெரியவன் கணக்கில் பாஸாகிவிட்டானாம். அந்தச் சந்தோஷத்தில் மேனேஜர், "உங்க குடும்பம் மட்டும் தனியா ஒரு ரவுண்டு போய் தீவுகளைப் பார்த்துட்டு வாங்க" என்றுவிட்டார்.

தனி விமானம்! வெள்ளைக்காரன் காசைக் கொட்டிக் கொடுத்துப் பார்க்கிற காட்சி, பொழிச்சலூர்க்காரனுக்கு ஓசியில்! நான் முப்பத்தாறு ஃபோட்டோ எடுக்கிற ஃபிலிம் ரோல் ஒன்றை கேமராவில் மாட்டி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து நடமாடினேன்.

இந்த இடத்தில் படப்பை மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அக்கா புருஷன். அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளை இலையில் வடை வைக்க மறந்துவிட்டார்கள். மனிதர் எழுந்து, "நான் வரலை, நீங்க ஆகவேண்டியதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். என் அப்பா பின்னால் ஓடினார். முடியாது என்றார். சித்தப்பா ஓடினார். முடியவே முடியாது என்றார். மூன்றாவது தடவை ஊர்ப் பெரியவர் நாலு பேர் போய்க் கையைப் பிடித்ததும் வந்தார். வந்தவர் விரலில் சாயங்காலம் ஒரு மோதிரம் ஏறியது. ஒரு வடைக்கு ஒரு பவுன்! அன்றைக்குப் பன்னிரண்டு வயசுப் பையனாகப் பந்தலில் நின்று அதைப் பார்த்த எனக்கு வாழ்க்கையின் சூத்திரம் பிடிபட்டுவிட்டது. முறுக்கிக்கொண்டால் மரியாதை. முதல் தடவையும் இரண்டாவது தடவையும் மறுக்க வேண்டும், மூன்றாவது தடவை இறங்கி வர வேண்டும்.

அந்த எட்டு மாதத்தில் நான் அதை நன்றாகவே பயன்படுத்தியிருந்தேன். தலைதீபாவளிக்குச் சட்டை கலர் பிடிக்கவில்லை என்று ஒரு முறுக்கு. மாமியார் வீட்டில் எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கு காபி கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு முறுக்கு. ஒவ்வொரு தடவையும் மாலதிதான் வந்து, "என்னங்க இது, சின்னப்புள்ள மாதிரி, வாங்க" என்று மூன்று முறை கூப்பிடுவாள். கணக்கு தப்பவே தப்பாது.

சரி, மரமேடைக்கு வருவோம். கடலில் மிதக்கிற மேடை, பக்கத்தில் கட்டிப்போட்ட விமானம், அதன் முன்னால் ஒரு எடை மெஷின். வெற்றிலை மென்றுகொண்டு ஒரு ஆள் ஒவ்வொருவராக ஏறச் சொன்னான். தாம்பரம் ஸ்டேஷனிலும் எடை மெஷின் உண்டு. காசு போட்டால் சீட்டு வரும், எடையை நாம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம், பின்பக்கம் 'உங்கள் குணம் தங்கம்' என்றுகூடப் போட்டிருக்கும். இவன் என்னடாவென்றால் ஏலம் விடுகிற மாதிரி கத்தினான்.

"எய்ட்டி ஃபோர்!"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "எண்பத்தி நாலா! என்ன மாப்பிள்ளை, பொண்ணு பார்க்க வந்தப்போ அறுபத்தெட்டுன்னு சொன்னாங்களே!"

"சும்மா இருடா. நம்ம வீட்டு சாப்பாடு அவர் உடம்புல ஒட்டியிருக்கு, உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்றார் மாமியார். ஆதரவாகத்தான் சொன்னார். ஆனால் எரிகிற அடுப்பில் அது எண்ணெய். மாலதி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். முகம் தெரியவில்லை, தோள் இரண்டும் குலுங்குவது நன்றாகவே தெரிந்தது.

பைலட் வெள்ளைக்காரன். அரை டிராயர், வெறுங்கால். (வெறுங்காலோடு விமானம் ஓட்டுகிறவனை அன்றுதான் பார்த்தேன்.) கையில் புளியோதரைப் பையோடு நின்ற மாமியார் அவன் வெறுங்காலைப் பார்த்து, கோயிலுக்குள் போகிற மாதிரி செருப்பைக் கழற்றி மேடையில் விட்டார். மாலதியும் கழற்றினாள். பிறகு பைலட் எங்களை எடைப்படி உட்காரவைக்க ஆரம்பித்தான். தீவுகளை அடையாளம் தெரிந்த மச்சான் அவன் பக்கத்தில். பின்னால் மூன்று பேர் உட்காருகிற சீட்டில் இடது ஜன்னல் மாலதிக்கு, வலது ஜன்னல் மாமியாருக்கு. என்னைப் பார்த்தான், எடை எழுதின காகிதத்தைப் பார்த்தான், நட்ட நடு சீட்டைக் காட்டினான். கனமான ஆள் நடுவில் இருந்தால்தான் ஒரு பக்கமாகச் சாயாதாம்.

எனக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. நடு சீட்டா? இந்தப் பக்கம் மாமியார் தோள், அந்தப் பக்கம் பெண்டாட்டி தோள், எதிரே பைலட்டின் பிடரி. இதைப் பார்க்கவா நான் இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தேன்?

மாமியார் நல்ல மனுஷி. "நீங்க இப்படி ஜன்னல்கிட்ட வாங்க மாப்பிள்ளை, எனக்கு எட்டிப் பார்த்தா தலை சுத்தும்" என்று எழுந்தார். பைலட் தலையை ஆட்டி அவரை உட்காரவைத்தான். மச்சான் திரும்பி, "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க மாப்பிள்ளை, அரை மணி நேரம்தானே" என்றார்.

அட்ஜஸ்ட்! மாப்பிள்ளையைப் பார்த்து அட்ஜஸ்ட்! ஏணியில் வைத்த காலை எடுத்தேன். படப்பை மாமா என்னுள் இறங்கினார்.

"நான் வரலை. நீங்க போய்ட்டு வாங்க."

சொல்லிவிட்டு இரண்டடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றேன். மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். முதல் அழைப்பு மாமியாருடையது. "ஐயோ மாப்பிள்ளை, என்ன இது..." வந்தது. மறுத்தேன். இனி மாலதி, பிறகு மச்சான் இறங்கி வந்து கையைப் பிடிப்பார், ஜன்னல் சீட் நமக்கு. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது குறுக்கே அந்தப் பாவி பைலட் தலையை நீட்டினான்.

"யூ நாட் கம்மிங்?"

"நோ. ஐ ஆம் நாட் கம்மிங்."

"ஷ்யூர்?"

இது இரண்டாவது என்று என் கணக்கு. "ஷ்யூர்!" என்றேன், கம்பீரமாக.

"ஓகே."

டப் என்று ஒரு சத்தம். திரும்பினேன். கதவை மூடிவிட்டான்! அடப்பாவி, மூன்றாவது எங்கேடா? உன் ஊரில் யாருமே கோபித்துக்கொள்ள மாட்டார்களா? எடை மெஷின்காரன் கயிற்றை அவிழ்த்தான். காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். ஜன்னலில் மாலதியின் முகம் தெரிந்தது. அவளும் கையை ஆட்டினாள். டாட்டா காட்டினாள்! விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி, என் மேல் ஒரு பக்கெட் கடலை வாரி அடித்துவிட்டு, எழும்பிப் போயிற்று. மறுபடியும் நான் பார்த்தது அதன் அடிவயிற்றைத்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது தவளைக்குத்தான் அறிவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம். சட்டை உப்பில் விறைத்துவிட்டது. கழுத்தில் கேமரா. ஆமாம், கேமரா என்னிடமே இருந்தது. என் எதிரே இரண்டு ஜோடி செருப்பு. எடை மெஷின்காரன் எனக்கு ஒரு பாக்குத் துண்டு கொடுத்தான். "வேண்டாம்" என்றேன். அவனும் மறுபடி கேட்கவில்லை, தன் வாயில் போட்டுக்கொண்டான். அந்த நாட்டில் ஒரு தடவைக்கு மேல் யாருமே கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தில் நான் மேனேஜர், அவர் பிள்ளை, அவனைப் பாஸாக்கிய மச்சான், வெற்றிலைக்காரன், பைலட், பைலட்டைப் பெற்றவள், எல்லாரையும் திட்டி முடித்து, கடைசியில் வேறு ஆளில்லாமல் என்னையே திட்ட ஆரம்பித்தேன். அடிமுட்டாளே! வடைக்கும் விமானத்துக்கும் வித்தியாசம் தெரியாதாடா உனக்கு?

இறங்கி வந்தார்கள். மாமியார் முகத்தில் அழுத தடம். "இத்தனூண்டு இடம் மாப்பிள்ளை, அவன் இருக்கிற தீவு. மேல இருந்து பார்த்தா ஆப்பம் ஊத்தின மாதிரி இருக்கு. நடுவுல பச்சை, ஓரமெல்லாம் வெள்ளை, சுத்தி நீலம். ஆனா பள்ளிக்கூடம் தெரிஞ்சுது, ஒரு மரம் தெரிஞ்சுது. இனிமே எனக்குத் தூக்கம் வரும்" என்றார். அதற்கு நான் எப்படிக் கோபப்படுவது? பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

"நடு சீட்டுல யார் உட்கார்ந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

"புளியோதரைப் பை" என்றாள் மாலதி.

இன்னொரு தடவை மேனேஜரைக் கேட்க மச்சானுக்கு வாய் வரவில்லை. மறுநாள் ஊருக்குக் கிளம்பினோம். அந்த விமானத்தில் அடித்துப் பிடித்து ஜன்னலோர சீட் வாங்கினேன். திருவனந்தபுரம் வரை றெக்கை தெரிந்தது. றெக்கை மட்டும்தான் தெரிந்தது.

பொழிச்சலூர் வந்து மூன்று நாள் நான் மாலதியோடு பேசவில்லை. நாலாவது நாள் வெடித்தேன். "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை 'வாங்க'ன்னு கூப்பிட உனக்கு வாய் வரலையா?"

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "வாயெடுத்தேங்க. அதுக்குள்ள அவன் 'ஷ்யூர்?'னு கேட்டான், நீங்க 'ஷ்யூர்'னீங்க. எட்டு மாசமா நீங்க வேணாம்னா வேணும்னு நானே அர்த்தம் பண்ணிக்கிட்டு, பின்னாடியே வந்து மூணு மூணு தடவை கூப்பிட்டு, எனக்கு அலுத்துப் போச்சு. ஒரு தடவையாவது நீங்க சொன்னது அப்படியே நடக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

மேலே ஒரு விமானம் போயிற்று. நான் பதில் சொல்ல அது போகும்வரை காத்திருந்தேன். அது போனதும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தேன். (லிஸ்டில் கடைசி ஆள் நானேதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் மாறிவிட்டது. இன்னொரு தோசை வேண்டாம் என்றால் மாலதி "ஷ்யூர்?" என்பாள். கெத்தாக "ஷ்யூர்" என்றால், "ஓகே" என்று ஹாட்பேக்கை டப்பென்று மூடிவிடுவாள். என் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டார்கள். மச்சான் ஊருக்கு வந்தால் அவரும். படப்பை மாமாவுக்குக்கூட ஒரு விருந்தில் பாயசம் அப்படித்தான் போயிற்று. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. குறையவே இல்லை. போன மாதம்கூட ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, என் வேட்டியை இஸ்திரி போடவில்லை என்று கத்திவிட்டு, "நான் வரலை, நீங்க போய்ட்டு வாங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். மாலதி வாசலில் நின்று, கதவில் கையை வைத்துக்கொண்டு, "ஷ்யூர்?" என்றாள்.

அவள் "ஓகே" சொல்வதற்குள் நான் செருப்பை மாட்டியிருந்தேன்.