டென்மார்க் மூட்டையில் வந்த பச்சைக் கோட்டு

த்ரியாவ்னா,
நிக்கோலா திருநாளுக்கு அடுத்த வாரம்

அன்பு மகள் நெவேனாவுக்கு,

உன் அப்பா ஸ்தொயில் எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாயிருக்க வேண்டுமென்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மரியாதையெல்லாம் இத்தோடு முடிந்தது. இனிமேல் கோபம்தான்.

போன மாதம் உன் சித்தப்பா மகன் கல்யாணத்தில் நான் என்ன பெரிய தப்பு செய்துவிட்டேன்? "என்னம்மா, டென்மார்க் வெண்ணெய் நல்லா வேலை செய்யுது போல, இடுப்பு ஒரு சுத்துப் பெருத்திருக்கே" என்று கேட்டேன். பெற்ற தகப்பன் கேட்கக் கூடாதா? நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனாய். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டென்மார்க்குக்கே திரும்பிப் போய்விட்டாய். அன்றிலிருந்து தொலைபேசியில் அம்மாவோடு மட்டும்தான் பேச்சு. நான் எடுத்தால் "அம்மாகிட்ட குடுங்க". சரி, பேசாதே. ஆனால் பேசாமலே என்னைப் படாத பாடு படுத்துகிறாயே, அது எந்த ஊர் நியாயம்?

என் பழைய கோட்டு தோள்பட்டையில் கிழிந்துவிட்டது. சந்தையில் நீல நிறத்தில் பஞ்சு வைத்த புது ஜாக்கெட் பார்த்து வைத்திருந்தேன். உன் அம்மா வழி மறித்தாள். "நெவேனா கண்டிப்பா சொல்லிட்டா. அது பூரா பிளாஸ்டிக்காம். துவைக்கிறப்பல்லாம் தூள் தூளா உதிர்ந்து கடலுக்குப் போகுதாம்." "நம்ம ஊர்ல ஏதுடி கடல்?" என்றேன். "மீன் மட்டும் திங்கறீங்கல்ல?" என்றாள். நீல ஜாக்கெட்டை அன்றோடு மறந்தேன்.

ஸ்லாத்காவின் பழைய துணிக்கடைக்கு இழுத்துப் போனாள். உனக்குத் தெரியும், எடை போட்டு விற்பாளே, அந்தக் கடை. அன்று புது மூட்டை பிரிக்கிற நாள். விடிவதற்கு முன்பே வாசலில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் நிற்கிறார்கள், ஆம்பிளை நான் ஒருவன்தான். கதவு திறந்ததும் என் விலாவில் விழுந்த முழங்கைகளை ராணுவத்தில்கூட நான் பார்த்ததில்லை. உன் அம்மாவோ நீ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்க்கச் சொன்னாள். முடி கருகின வாசனை வந்தால் அசல் கம்பளி, உருகிச் சொட்டினால் பிளாஸ்டிக்காம். நானும் ஒரு நல்ல கறுப்புக் கோட்டாகப் பார்த்து, நூலைப் பிடுங்கி, லைட்டரைப் பற்றவைத்தேன். அசல் கம்பளிதான். ஆனால் அது விற்பனைக்கு இல்லை. நம் பக்கத்து வீட்டுப் பென்கா அதைப் போட்டுக்கொண்டு குனிந்து துணி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது. "ஐயோ, இந்த மனுசன் என்னை உயிரோட கொளுத்தறானே!" என்றாள். எரிந்தது இத்தனூண்டு நூல். "ஸ்தொயில் அண்ணே, இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதீங்க" என்று ஸ்லாத்கா எல்லார் எதிரிலும் சொன்னாள்.

மறுநாள் உன் அம்மா தனியாகப் போய் எனக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு வாங்கி வந்தாள். நல்ல கோட்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைப் போட விட்டாளா? பூச்சி முட்டை இருக்கும், உறையவைத்துக் கொல்ல வேண்டும், மருந்து அடிக்கக் கூடாது, நெவேனா சொன்னாள். கோட்டு குளிர்பெட்டிக்குள் போனது. உள்ளே இருந்த பன்றித் தொத்திறைச்சி பால்கனிக்குப் போனது. பால்கனியிலிருந்து பென்காவின் பூனை வயிற்றுக்குள் போனது. அந்தப் பூனை இப்போது தினமும் வந்து நன்றியுள்ள உறவினர் மாதிரி என் காலடியில் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு கோட்டில் பழைய வாடை போக வேண்டுமாம். சோப்புக் கூடாது, சாராயம் தெளித்தால் போதும் என்று நீ சொன்னாயாம். நான் ஆற அமரக் காய்ச்சி, கிறிஸ்துமஸுக்கென்று வைத்திருந்த ப்ளம் ராக்கியாவை, நெவேனா, உன் அம்மா பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பியில் ஊற்றிக் கோட்டுக்குத் தெளித்தாள்! நிக்கோலா திருநாளன்று மீன் விருந்துக்கு அந்தக் கோட்டோடு போனேன். ஒரு சொட்டு குடிக்கும் முன்பே, "அண்ணன் வீட்லயே ஆரம்பிச்சிட்டாரு" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

இவ்வளவையும் பொறுத்தேன். வீட்டில் ஒருத்தியைப் பார்த்தாலாவது மனசு ஆறுகிறதா? உன் அம்மா தன்னுடைய அகலமான பழுப்புக் கோட்டைப் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லி, இந்தப் பனியில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு அலைகிறாள். "உனக்கும் ஒண்ணு வாங்கேன்டி" என்றால், "எனக்குக் குளிரலை" என்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஸ்லாத்கா கடை வழியாகப் போனேன். வாசலில் 'டென்மார்க்கிலிருந்து புதுச் சரக்கு' என்று பலகை. கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை மேல் ஒரு பச்சைக் கோட்டு. அச்சு அசலாக உன்னுடையது. வாசப்படியை மிதிக்காதே என்றவளை நான் சட்டை செய்யவில்லை. உள்ளே போய்க் கோட்டின் கீழ்மடிப்பைத் தடவினேன். இருந்தது. கண்ணேறு படாமலிருக்க உன் அம்மா உள்ளே வைத்துத் தைத்த நீல மணி! நீ முதன்முதலாக வெளிநாடு போனபோது நான் தையற்காரன் வீட்டுக்கு நடையாய் நடந்து தைத்து வாங்கிய கோட்டு அது. "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். ஸ்லாத்கா என் முகத்தைப் பார்க்காமல், "எல்லாம் வெளிநாட்டு மூட்டைல வர்றதுதான் அண்ணே" என்றாள்.

ஆக, அப்பா மேல் இருந்த கோபத்தில் அப்பா கொடுத்த கோட்டை அந்த ஊரில் பழைய துணி போடுகிற தெருமுனைப் பெட்டியில் போட்டிருக்கிறாய். அது மூட்டையோடு மூட்டையாக அரை உலகம் சுற்றி எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. எனக்குக் கடலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்குத் தகப்பன் மனசைப் பற்றித் தெரியவில்லையே! வயிறு எரிகிறது, நெவேனா. கோட்டை எடை போட்டு வாங்கி வந்துவிட்டேன். உனக்கு வேண்டாதது எனக்கு வேண்டும். இனி பழைய துணி, பச்சை பூமி என்று ஒரு வார்த்தை சொல்லாதே. இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் வாழ்த்தும் கிடையாது.

கிடையாது என்று எழுதிவிட்டேன். இருந்தாலும் கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. வெளியே போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு, மிகுந்த வருத்தத்தோடு,
உன் அப்பா
ஸ்தொயில்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அம்மா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள், பிறகு மறுபடி அழுதாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏங்க, அந்தக் கோட்டு டென்மார்க் பக்கமே திரும்பிப் போகலை. கல்யாணத்துக்கு வந்தப்பவே அவளுக்குப் பொத்தான் மாட்டலை. என் அகலக் கோட்டை அவளுக்குப் போட்டு அனுப்பிட்டேன். 'என்னோடதை ஸ்லாத்கா அக்காகிட்ட குடுத்துட்டு அப்பாவுக்கு நல்ல கம்பளியா ஒண்ணு மாத்திக்கம்மா'ன்னு அவதான் சொன்னா. நீங்க போட்டுக்கிட்டிருக்கிறது உங்க மக குடுத்ததுங்க. வெண்ணெயாம், வெண்ணெய்! அஞ்சாம் மாசம் நடக்குது. போன தடவை உண்டானதுமே நாம ஊருக்கே விருந்து வெச்சோம், அப்புறம் என்ன ஆச்சு? அதான் இந்தத் தடவை உங்க வாய்க்குப் பயந்து மறைச்சோம்."

நெவேனா, மேலே எழுதியதை அடிக்கலாமென்று பார்த்தேன், காகிதம் கிழிகிறது. அப்படியே விடுகிறேன், ஒரு முட்டாளின் கையெழுத்து எப்படி இருக்குமென்று அந்தக் குழந்தை பிற்பாடு பார்த்துக்கொள்ளட்டும். நாளை மூட்டை பிரிக்கிற நாள். உன் அம்மாவுக்கு ஒரு கோட்டு எடுக்க நான் இருட்டிலேயே போய் நிற்பேன், முழங்கைகள் விழட்டும். கண்ணேறு படாமலிருக்க மூன்று முறை துப்பிவிட்டேன். சத்தியமாக யாரிடமும் சொல்லவில்லை. பூனையிடம் மட்டும் சொன்னேன், பால்கனியில், கொஞ்சம் உரக்க. பென்கா கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

கோட்டின் மடிப்பைப் பிரித்து நீல மணியை எடுத்து இந்த உறையில் போட்டிருக்கிறேன். பிறக்கும் முன்பு குழந்தைக்குப் புதுசு எதுவும் வாங்கக் கூடாது என்பார்கள். பயப்படாதே அம்மா, இது பழசுதான்.